சொன்னால் நிற்கும் வெளிச்சம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். வெள்ளைச் சட்டை, காதில் கேட்கும் மிஷின். அஜினின் ஆராய்ச்சியைப் பார்த்து, சரி அல்லது போதாது என்று சொல்ல வந்தவர்.

துறைத் தலைவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

அஜின். ஏழு வருஷமாக அந்த அறையில் ஆராய்ச்சி செய்தவன். கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை. தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் பட்டம் இருந்தால்தான் அந்த வேலை. பட்டத்துக்கு எழுதிக் கொடுக்க அந்த மாசத்தோடு கெடு முடிகிறது. இனி நீட்டித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சர்.

கறுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நான். கையில் ஒரு ரூபாய்த் துட்டு. முன்னால் இரண்டு சுவிட்சு, இரண்டு தேங்காய்ச் சிரட்டை, ஒரு குவியல் புளியங்கொட்டை.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆய்வகத்தில் துடைப்பது, பூட்டுவது, சாயா வாங்கி வருவது என் வேலை. என்னை ஏன் அங்கே உட்கார வைத்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால், டீச்சர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அஜினின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். கல்லூரியில் எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். எனக்கு டீச்சர்தான் வாயில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை அவர் எக்கா என்பார். எனக்கும் அவருக்கும் ரெண்டு மூணு வயசு வித்தியாசம் இருக்கும்.

அவருக்கு ஒரு குணம். எதையும் நிறுத்திப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூப்பிட்டுக் காட்டினார். தூசி துடைக்கிற கைக்கு, எதைத் துடைக்கிறோம் என்று தெரிய வேண்டுமாம்.

நீண்ட இரும்பு மேசை. ஒரு முனையில் லேசர். நடுவில் முக்கோணக் கண்ணாடிக் கட்டி. அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. அதில் தங்கம் பூசியிருந்தது. இன்னொரு துண்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். அதன் வழியாக வெளியே தென்னை மரம் தெரிந்தது. எல்லாம் பச்சை.

"தங்கம் பச்சையா டீச்சர்?"

"இம்புட்டு மெலிசானா அப்படித்தான் தெரியும்."

"இதுல ஒரு மூக்குத்தி செய்யலாமா?"

"உங்க மூக்குத்திக்கு இந்த மேசை நிறைய கண்ணாடியச் சுரண்டணும்," என்றார்.

பிறகு லேசரைப் போட்டார். சிவப்பு வெளிச்சம் கண்ணாடிக்குள் போய், தங்கத்தில் பட்டுத் திரும்பி, எதிரே வைத்த காகிதத்தில் ஒரு புள்ளியாக விழுந்தது. கண்ணாடியை இம்மி இம்மியாகத் திருப்பினார். ஒரு இடத்தில் புள்ளி அணைந்துவிட்டது. லேசர் எரிகிறது. புள்ளி இல்லை.

"எங்க போச்சு?"

"தங்கத்துக்க தோல்மேல ஓடுது. நெல்லு வயல்ல காத்து அடிச்சா அலை ஓடுமில்லியா? நெல்லு நின்ன இடத்துல நிக்கும். அலைதான் ஓடும். அதுபோலயாக்கும் இது. தங்கத்துல உள்ள மின்சாரத் துகளெல்லாம் சேர்ந்து ஆடுது. அந்த ஆட்டத்துல வெளிச்சம் மாட்டிக்கிட்டு ஓடுது."

அதற்கு சர்ஃபேஸ் பிளாஸ்மான் என்று பேர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. அலை என்றே வைத்துக்கொண்டேன்.

"அப்பம் கண்டுபிடிச்சாச்சு, இல்லியா?"

"இது யாரெல்லாமோ எப்பமோ கண்டுபிடிச்சாச்சு. ஓடுகது பெரிசில்லக்கா. நாம சொன்னா நிக்கணும், சொன்னா ஓடணும். அதாக்கும் காரியம்."

அதுக்குத்தான் தங்கத்தின்மேல் இன்னொரு பூச்சு. குறைகடத்தி என்றார். போனுக்குள் இருக்கிற சில்லெல்லாம் அந்த இனம்தானாம். மின்சாரம் கொடுத்தால் ஒரு குணம், கொடுக்காவிட்டால் ஒரு குணம். சுவிட்சைப் போட்டால் அந்தப் பூச்சு மாறும். மாறினால் மேலே ஓடுகிற அலை இடறும். இடறினால் அணைந்த புள்ளியில் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் அளக்கிற மீட்டரில் எண் ஏறும். சுவிட்சை எடுத்தால் எண் இறங்கும்.

"இது எதுக்கு டீச்சர்?"

"கம்பியில மின்சாரம் ஓடுகதுக்குப் பதிலா சில்லுக்குள்ள வெளிச்சம் ஓடும். கம்ப்யூட்டர் இன்னும் வேகமாகும்."

"இப்பம் உள்ள வேகம் போராதா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "அது வேற டிபார்ட்மென்ட்," என்றார்.

இதுதான் அந்த அறையின் வேலை. ஏழு வருஷமும் இதுதான். சொல்லும்போது கொஞ்சம் போலத்தான் இருக்கிறது.

அந்தப் பூச்சு எங்கள் கல்லூரியில் போட முடியாது. அஜின் ரயிலேறி வெளியூர் போவான். பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் முறைக்குக் காத்திருப்பான். துண்டுகளை டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டே வருவான். இங்கே வந்தால் கடல் காற்று. ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். ஆனாலும் உப்பு உள்ளே வரும். பிளக் ஊசியெல்லாம் பச்சை பிடிக்கும். தங்கம் ஓரத்தில் உரிந்து எழும்பும். உரிந்தால் அஜின் அடுத்த ரயிலுக்கு டிக்கெட் போடுவான்.

சில நாள் மீட்டர் ஏறும். அஜின் கத்துவான். டீச்சர் வந்து பார்ப்பார். ஒருநாள் அது மணவாளக்குறிச்சி ரோட்டில் போன மணல் லாரி. லாரி போனால் மேசை நடுங்கும். இன்னொரு நாள் ஏசி. இன்னொரு நாள் வராந்தா விளக்கு. காரணத்தைக் கண்டுபிடித்து டீச்சர்தான் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிச்சம் வரும். அஜினின் முகத்தில் இருந்தது போய்விடும். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு துடைப்பேன்.

அறைக்கு வெளியிலும் டீச்சர் அப்படித்தான்.

ஒருமுறை நாகர்கோவில் பஸ்ஸில் நானும் அவரும் போனோம். நடுரோட்டில் மாடு. டிரைவர் ஹாரன் அடித்தார். மாடு விலகியது. பின்சீட்டில் ஒருவர், "பாத்தியா, ஒரு ஹாரன்ல போச்சு," என்றார்.

டீச்சர் திரும்பி, "அடிக்காட்டாலும் போயிருக்குமோ என்னவோ," என்றார்.

"அப்பம் இறங்கி மாட்டுக்கிட்ட கேளுங்க."

பஸ்ஸே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் இறங்கும்வரை யோசித்துக்கொண்டுதான் வந்தார்.

நாங்கள் ஒரே சபை. ஒரு வருஷம் மழை இல்லை. உபவாச ஜெபம் வைத்தார்கள். மறுநாள் நல்ல மழை. சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அடுத்த ஞாயிறு ஐயர் பிரசங்கத்தில் நன்றி சொன்னார். ஆராதனை முடிந்து வாசலில் டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயர், கொளச்சல்லயும் பெஞ்சுதே. அங்க யாரு ஜெபிச்சா?"

"அவங்களும் ஜெபிச்சிருப்பாங்கம்மா."

"ஜெபிக்காத ஊரு பக்கத்துல ஏதாவது உண்டுமா?"

ஐயர் யோசித்தார். "இந்த ஜில்லாவில கஷ்டம்," என்றார்.

பெண்கள் சங்கத்தில் இதை வைத்து ஒரு மாசம் பேசினார்கள். "இவளுக்கு ஏன் கல்யாணம் நடக்கலன்னு இப்பம் தெரியுதா? தாலி கட்டப் போனவன்கிட்ட, கட்டாம இருந்தா என்ன ஆகும் பாப்போம்னு சொல்லியிருப்பா." நான் அங்கேதான் இருந்தேன். சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. டீச்சர் காதுக்கும் போனது. "அப்படியும் கேட்டிருக்கலாம்," என்றார்.

சாயா விஷயம் ஒன்று உண்டு. தினமும் பதினோரு மணிக்கு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள், "எக்கா, ஒரு வாரம் எனக்கு சாயா வேண்டாம்," என்றார். மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்துக் குடித்தார். தலைவலி போனது. திரும்பவும் நிறுத்தினார். திரும்பவும் வந்தது. திரும்பவும் குடித்தார். போனது. சின்னப்பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எக்கா, இது உண்மையாக்கும்!"

நான் பார்க்க, டீச்சரின் பரீட்சையில் ஜெயித்தது அந்தச் சாயா ஒன்றுதான்.

என் கால் அந்தப் பரீட்சையில் ஜெயிக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முட்டுவலி. திருவட்டாறு பக்கம் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். ராத்திரி சோறு உண்டதும் என் மகள் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிடுவாள். வலி குறைந்தது. டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"தேய்க்காத நாள்ல எப்படி இருக்கு?"

"தேய்க்காம இருந்ததில்லையே டீச்சர்."

"ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினேன். வலி கூடவில்லை. அதுவாகவே குறைகிற வலியாம். டீச்சர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். எண்ணெயை விட்டுவிட்டேன். மகளும் விட்டுவிட்டாள். ராத்திரி அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தேய்க்கும்போதுதான் அவள் எங்கூடப் பேசுவாள். காலேஜில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அப்போதுதான் வரும்.

டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்டது வலியைத்தான்.

அவரிடம் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அப்புறம் இன்னொன்றில்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் வராந்தா கழுவிக்கொண்டிருந்தேன். அறைக்குள்ளிருந்து அஜின், "எக்கா! ஓடி வாங்க!" என்று கூப்பிட்டான். ஓடினேன். சுவிட்சைப் போட்டான். மீட்டர் ஏறியது. எடுத்தான். இறங்கியது. போட்டான். ஏறியது. லாரி இல்லை. ஏசியை அணைத்திருந்தான். வராந்தா விளக்கு இல்லை. பகல். எத்தனை தடவை போட்டாலும் ஏறியது. வீட்டுக்குப் போன் போட்டு, "நின்னுட்டு, நின்னுட்டு," என்றான். அந்தப் பக்கம் அவன் மனைவி, "என்ன நின்னுட்டு? பஸ்ஸா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

டிபார்ட்மென்டே வந்துவிட்டது. துறைத் தலைவர் ஆள் அனுப்பி முந்திரிக்கொத்துப் பலகாரம் வாங்கினார். எல்லாருக்கும் கொடுத்தார்கள். மட்டி வாழைப்பழம் வந்தது. துறைத் தலைவர் அஜினைக் கட்டிப்பிடித்தார். "இனி என்ன டே, எழுதிக் குடு. வேலைக்குப் போ," என்றார்.

டீச்சர் கையில் முந்திரிக்கொத்து இருந்தது. கடிக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"எக்கா, அந்தத் தங்கத் துண்டை எடுத்துட்டு வெறும் கண்ணாடி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"மேம், இப்பமா?" என்றான் அஜின்.

"இப்பம்."

"நாளைக்குப் பாக்கலாம் மேம். எல்லாரும் இருக்காங்க."

"எல்லாரும் இருக்கட்டு."

வெறும் கண்ணாடி. தங்கம் இல்லை. பூச்சு இல்லை. ஓட அலை இல்லை. நிறுத்த ஒன்றும் இல்லை. டீச்சரே சுவிட்சைப் போட்டார்.

மீட்டர் குதித்தது.

எடுத்தார். இறங்கியது. போட்டார். குதித்தது.

யாரோ வாயில் இருந்த முந்திரிக்கொத்தை மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். துறைத் தலைவர் கடைசியாகப் போனார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

காரணம் கண்டுபிடிக்க டீச்சருக்கு ரெண்டு நாள் ஆனது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போட்டார். சுவரில் ஒரு பிளக் பாயின்ட் உப்பில் துருப்பிடித்துப்போய், அதில் இருந்ததையும் லேசர் இருந்த பிளக் பலகையிலேயே சேர்த்துச் சொருகியிருந்தார்கள். பூச்சுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியும் லேசரும் ஒரே பலகை. பெட்டியைப் போட்டால் லேசர் ஒரு துளி மாறுகிறது. மீட்டர் அதைக் காட்டியிருக்கிறது. அலை நிற்கவில்லை. அலைக்கு ஒன்றும் தெரியவே தெரியாது.

"பலகையைச் சொருகினது நான்தான் மேம்," என்றான் அஜின்.

"யாரு சொருகினா என்ன? கண்டுபிடிச்சாச்சே," என்றார் டீச்சர். அந்தத் தெளிச்சம் முகத்தில் இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு வெடித்தது.

"உங்களுக்கு எதாவது ஒண்ணு நடந்துட்டா பிடிக்காது மேம். ஏழு வருஷமா பாக்கேன். நடக்காட்டாத்தான் உங்க முகம் தெளியுது. ஒருத்தனுக்க சோறு இதுல கிடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"லேசருக்குத் தனி பேட்டரி வைப்போம்," என்றார்.

ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லி ஒரு பேட்டரி கொண்டுவந்தோம். லேசர் அதில் எரிந்தது. பெட்டிக்குத் தனியாக வேறு அறையிலிருந்து கம்பி இழுத்தோம். புதுத் துண்டு வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் எண் இப்போது கொஞ்சம் போல அசைந்தது. சில நேரம் ஏறின மாதிரி. சில நேரம் இல்லை. சுவிட்சைத் தொடாதபோதும் அது தானாக அசைந்துகொண்டுதான் இருந்தது.

"ஏறுது மேம். பாருங்க. சின்னதா ஏறுது," என்பான் அஜின்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்பார் டீச்சர். "எனக்குத் தெரியணும்னு ஆசை. அதனால தெரியுதா, இருக்கதனால தெரியுதா?"

அதற்குள் திருவனந்தபுரத்திலிருந்து பெரியவர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. துறைத் தலைவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். நான் மேசைக்கு அடியில் கம்பி துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். ஆளாக எண்ணவில்லை.

"மேடம், பழைய பலகையிலயே சொருகி வையுங்க. அவரு வந்து ஏறி இறங்குகதைப் பாப்பாரு. சாயா குடிப்பாரு. போவாரு. அஜின் வேலைக்குப் போவட்டும். அதுக்குப் பிறகு நீங்க ஆயுசு முழுக்க நிறுத்திப் பாருங்க."

"அது லேசருக்க ஆட்டம்லா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாண்டாம்."

"எனக்குத் தெரியுமே," என்றார் டீச்சர்.

"உங்க பிள்ளைன்னா இப்படிச் செய்வீளா?"

"என் பிள்ளைன்னா ஒரு வேளை செய்திருப்பேன். அதனாலதான் வேண்டாங்கேன்," என்றார் டீச்சர்.

துறைத் தலைவர் கையை விரித்துவிட்டுப் போனார். எனக்கும் கை விரிக்கத்தான் தோன்றியது. பொய் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் ஒருத்தன் வாழ்க்கையை வைத்துக்கொண்டு இவ்வளவு நேராக நிற்க வேண்டுமா? எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு முடிவு வரவில்லை.

டீச்சர் ஒரு வழி செய்தார். சுவிட்சைப் போடுகிறவர் துணிக்குப் பின்னால். மீட்டர் பார்க்கிறவர் துணிக்கு முன்னால். போட்டாரா இல்லையா என்று முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. மீட்டரைப் பார்த்து அவர் சொல்ல வேண்டும். நூறு தடவை.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் அம்பது வரும்," என்றார். "அதுக்கு மேல எவ்வளவு வருதோ, அவ்வளவுதான் நாம செய்தது."

போனில் பேசியபோது பெரியவர் எழுபது வந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். எழுபதுக்குக் கீழே வந்தால் எழுதிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

சுவிட்சு நான் போடுகிறேன் என்றார் துறைத் தலைவர்.

"வேண்டாம். உங்களுக்கு இது நடக்கணும். அஜினுக்கு நடக்கணும். எனக்கும் நடக்கணும். நடந்தாலும் நடக்காட்டாலும் ஒண்ணுபோல இருக்கது எக்காவுக்கு மட்டுந்தான்," என்றார் டீச்சர்.

முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் அஜின் என் பக்கத்தில் நின்றான். டிபன் பாக்ஸ் கையில் இருந்தது. கூட்டம். ரெண்டு ஸ்டாப் கழிந்தது.

"எக்கா, நாளைக்கு உங்க கையிலயாக்கும்."

"எனக்க கையில ஒண்ணும் இல்ல மக்கா. துட்டு சொல்லுகதைச் செய்வேன்."

"ஆமா," என்றான்.

வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்னைப் பற்றி டீச்சர் சொன்னதில் ஒன்று தப்பு. எனக்கும் அது நடக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

ஆக, துணிக்கு இந்தப் பக்கம் நான்.

துட்டை மடியில் சுண்டுவேன். தலை விழுந்தால் இடது சுவிட்சு. பூ விழுந்தால் வலது. இடதில் மின்சாரம் உண்டு. வலது வெறும் சுவிட்சு. ரெண்டும் ஒரே மாதிரி சத்தம் போடும். சத்தத்தை வைத்து ஒருவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ம்" என்பேன். டீச்சர் மீட்டரைப் பார்த்து "உண்டு" என்பார். இல்லையென்றால் "இல்லை" என்பார். சரியாகச் சொன்னால் ஒரு கொட்டை இடது சிரட்டையில். தப்பென்றால் வலது சிரட்டையில். கொட்டை விழும் சத்தம் வராமல் இருக்க ரெண்டிலும் துணி வைத்திருந்தோம்.

பெரியவர் எண்ணிக்கை சொன்னார். ஒன்று. ரெண்டு. மூன்று.

முதலில் டீச்சர் சொல்வதெல்லாம் சரியாக வந்தது. ஒன்று தப்பி, நாலு சரி. ஒன்று தப்பி, மூன்று சரி. இடது சிரட்டை சீக்கிரமாக நிறைந்துகொண்டு வந்தது. துணி இருந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்த்தால் அஜினுக்குத் தெரிந்திருக்கும்.

முப்பதுக்குப் பிறகு மாறியது. "உண்டு" என்றார். வலது சிரட்டை. "இல்லை" என்றார். வலது சிரட்டை. "உண்டு." வலது. பிறகு ரெண்டு இடது. பிறகு வலது. டீச்சர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதே நேரம் எடுத்துப் பார்த்தார். குரலும் மாறவில்லை. வெளியே லாரி போனால், "நில்லுங்க," என்பார். போனதும் "சரி" என்பார்.

ரெண்டு சிரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உயர்ந்துகொண்டே வந்தன. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அஜின் மூச்சு விடுவது கேட்டது. துறைத் தலைவர் நடப்பதை நிறுத்தியிருந்தார்.

ஒரு கொட்டையை இங்கே போடுவதற்குப் பதில் அங்கே போட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்தது. பெரியவர் எழுபத்தைந்து என்றபோது கொட்டை விரலுக்குள் நின்றது. டீச்சர் தப்பாகச் சொன்னதற்கான கொட்டை. வலதுக்குப் போக வேண்டியது. இடதில் போட்டுவிட்டால் பிறகு எண்ணுவது எதை? வலதில் போட்டேன். அடுத்ததைச் சுண்டினேன்.

நூறு என்றார் பெரியவர்.

டீச்சர் எழுந்து வந்து துணியை விலக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றுதான் பார்க்கவில்லை. இடது சிரட்டையை எடுத்தார். பெரியவர் கை நீட்டினார்.

"அஜின் எண்ணட்டு," என்றார் டீச்சர்.

அவன் மேசையில் கொட்டினான். ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தினான். வாய்க்குள்ளேயே எண்ணினான். கொட்டை குறையக் குறைய மெதுவாக நகர்த்தினான். கடைசிக் கொட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். சிரட்டையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தான். துணியை உதறினான். வேறு ஒன்றும் விழவில்லை.

"எவ்வளவு டே?" என்றார் துறைத் தலைவர்.

அஜின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சத்தமாச் சொல்லு மக்கா," என்றார் டீச்சர்.

ஐம்பத்திரண்டு.